நாலைவிட ஐந்து பெரியது

எங்கள் லயத்தில், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், எழுத்து என்று எது வந்தாலும் அது முதலில் என் கைக்குத்தான் வரும். கிளினிக் அட்டை, இருமல் மருந்துப் போத்தல், அரசாங்கக் கடிதம், களைக்கொல்லிப் பீப்பாயில் ஒட்டியிருக்கும் மண்டையோட்டுத் தாள் எல்லாவற்றையும் நான்தான் வாசித்துச் சொல்ல வேண்டும். பெரியவர்களுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும், மலாய் பேசத் தெரியும். ஆங்கிலம் மட்டும் தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணியின் சொத்து. கிராணியிடம் போனால் செருப்பை வெளியே கழற்றிப் போட்டுவிட்டு அரை மணி நேரம் நிற்க வேண்டும். என்னிடம் வந்தால் நாலு பிஸ்கட்டோடு காரியம் முடிந்துவிடும். அதனால் பத்து வயதிலேயே எனக்குச் ‘சின்னக் கிராணி’ என்று பெயர். அந்தப் பெயரின் மேல் எனக்கு எவ்வளவு ஆசை என்றால், புரியாத இடம் வந்தாலும் நிறுத்தாமல் வாசித்துவிடுவேன். தெரியாது என்று ஒரு கிராணி சொல்லலாமா?

எங்கள் லயத்தில் பட்டப்பெயர் விளையாட்டுக் காரியமும் இல்லை. அங்கே யாரும் பெற்றவர் வைத்த பெயரோடு நெடுநாள் வாழ்ந்ததில்லை. வாழ்க்கையில் ஒரே ஒரு நாள் ஏதாவது ஒன்றைச் சொதப்பினால் போதும், மறுநாள் காலையில் அதுவே பெயராகிவிடும். திருவிழா அன்னதானத்தில் சாம்பார் அண்டாவைக் கவிழ்த்தவர் இருபது வருடமாகச் ‘சாம்பார்’. தோட்டத்துத் துரைக்குக் கொடுத்த தேநீரில் சீனிக்குப் பதில் உப்பைப் போட்டவர் ‘உப்புத்தண்ணி’. அவர் மகன் ‘உப்புத்தண்ணி மகன்’. அந்த மகனுக்கும் தேநீருக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது, அவன் பிறந்ததே அதற்குப் பிறகுதான். இப்படிப்பட்ட ஊரில் மரியாதையான பெயரோடு நடமாடியவள் நான் ஒருத்திதான்.

அந்த ஆண்டு அம்மாவுக்குச் சுங்கை காடுட்டில் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. அதுவரை அவர் செம்பனைக் காட்டில் மரத்தடியில் சிதறிக் கிடக்கும் உதிரிப் பழங்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். நாள் முழுக்கக் குனிந்த முதுகு, விரலில் முள், மழை பெய்தால் அட்டை. தொழிற்சாலையில் நாற்காலியில் உட்கார்ந்து வேலை என்றதும் அம்மாவின் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் மறக்கவில்லை. ஒரே சிக்கல், தொழிற்சாலை பஸ் எங்கள் தோட்டத்துக்குள் வராது. அதற்கும் அம்மா முன்கூட்டியே வழி செய்திருந்தார். யாரிடமும் பெரிதாகச் சொல்லாமல் சிரம்பானுக்குப் போய்ப் போய்க் கார் ஓட்டப் பழகி, முதல் முறையிலேயே லைசென்ஸ் எடுத்துவிட்டார். ராசாவில் இருந்த பெரியம்மா வீட்டில் புதுக் கார் வாங்கியதால் பழைய கார் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தது.

வெளுத்துப்போன நீல நிறம், நாலு கியர், அழுத்திச் சாத்தினாலும் பாதி திறந்தே நிற்கும் பின்மூடி. லயமே வந்து தொட்டுப் பார்த்துவிட்டுப் போனது. எங்கள் வரிசையில் கார் ஓட்டப் போகிற முதல் பெண் அம்மாதான். அப்பாவிடம்கூடக் கார் லைசென்ஸ் கிடையாது. அவர் தோட்டத்து டிராக்டர்காரர். டிராக்டரையும் மோட்டார் சைக்கிளையும் தவிர வேறெதையும் ஓட்டியதில்லை. ஆனால் இயந்திரம் என்றால் கையாலேயே நோய் சொல்லிவிடுவார். கார் கொண்டுவந்த பெரியப்பா கிளம்பும்போது, “கியர் எண்ணெ மாத்தி ரொம்ப நாளாச்சுலா. ஓட்டறதுக்கு முன்ன மாத்திடுங்க” என்று சொன்னார். வேலை திங்கட்கிழமை தொடங்குகிறது. சனிக்கிழமையே மாற்றிவிடலாம் என்று அப்பா முடிவு செய்தார். எந்த எண்ணெய் என்று பார்த்துச் சொல்லும் பொறுப்பு, கேட்கவே வேண்டாம், சின்னக் கிராணிக்கு வந்தது.

காரோடு ஓர் ஆங்கிலப் புத்தகமும் வந்திருந்தது. வெள்ளி இரவு முழுக்க அதைப் புரட்டி, கியர் எண்ணெய் பற்றிய பக்கத்தைக் கண்டுபிடித்து ஓரத்தை மடக்கி வைத்தேன். ஜி.எல். என்று இரண்டு எழுத்து, பக்கத்தில் நாலு. அதற்குக் கீழே எழுபத்தைந்து, டபிள்யூ, தொண்ணூறு. வேறு ஒன்றும் இல்லை. மறுநாள் அந்தப் புத்தகத்தைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, அப்பாவின் மோட்டாரில் ராசாவுக்குப் போனேன்.

உதிரிப்பாகக் கடை முதலாளியான சீனத் தவுக்கே தோளுக்கும் காதுக்கும் நடுவில் டெலிபோனை இடுக்கிக்கொண்டு இரண்டு கையாலும் யாருக்கோ ‘ஃபேன் பெல்ட்’ அளந்துகொண்டிருந்தார். அப்பா மலாயில் கேட்டதும், “கியர் மிஞ்ஞாக்கா? சானா, சானா” என்று தாடையாலேயே ஒரு மூலையைக் காட்டிவிட்டு மறுபடியும் டெலிபோனுக்குள் போய்விட்டார். அந்த மூலையில் இரண்டு வகைப் போத்தல்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. ஒன்று சாம்பல் நிறம், ஜி.எல். நாலு, எழுபத்தைந்து டபிள்யூ தொண்ணூறு. இன்னொன்று தங்க நிறம், ஜி.எல். ஐந்து, எண்பத்தைந்து டபிள்யூ நூற்று நாற்பது.

புத்தகத்தில் நாலு என்றுதான் இருந்தது. நான் அதைப் பார்க்காமல் இல்லை. ஆனால் யோசித்தேன். யோசித்ததுதான் வினை. நான் அந்த ஆண்டுதான் நான்காம் ஆண்டு முடித்து ஐந்தாம் ஆண்டுக்கு ஏறியிருந்தேன். நாலுக்கும் ஐந்துக்கும் என்ன வித்தியாசம் என்பது எனக்குச் சொந்த அனுபவத்திலேயே தெரியும். ஐந்தில் உட்கார்ந்திருக்கிற யாரும் நாலுக்குத் திரும்பிப்போக ஆசைப்பட மாட்டார்கள். அடுத்து, தொண்ணூறு நல்ல மதிப்பெண்தான், மறுக்கவில்லை. ஆனால் நூற்று நாற்பது எங்கள் பள்ளியில் யாரும் கண்ணால் பார்த்திராத மதிப்பெண். புத்தகமோ நான் பிறப்பதற்கு முன்பு அச்சடித்தது. அந்தக் காலத்தில் ஐந்து வந்திருக்காது, பாவம், நாலை வைத்துச் சமாளித்திருக்கிறார்கள். அம்மா முதல்நாள் வேலைக்குப் போகிற காருக்குப் பழைய வகுப்பு எண்ணெயையா ஊற்றுவது?

“இதுதான்பா. புத்தகம் பழசு. இப்ப அஞ்சு வந்துருச்சு” என்று தங்கப் போத்தலை எடுத்து நீட்டினேன்.

அப்பா பக்கத்தில் திறந்திருந்த இன்னொரு தங்கப் போத்தலிலிருந்து ஒரு சொட்டை விரலில் தொட்டுக் கட்டைவிரலோடு தேய்த்துப் பார்த்தார். “ரொம்பக் கெட்டியா இருக்கேம்மா” என்றார். கெட்டியாக இருந்தால்தான் சத்து என்று நான் சொன்னேன். பாலில் தொடங்கிக் கஞ்சிவரை அதுதானே வழக்கம். அப்பா போத்தலை வாங்கிக்கொண்டார். டிராக்டரைப் பற்றி மேனேஜரே வந்து சொன்னாலும் எதிர்த்துப் பேசுகிறவர், எழுத்து விஷயத்தில் மட்டும் என் பேச்சுக்கு அப்பீல் கிடையாது என்று வைத்திருந்தார்.

வீட்டுக்கு வந்து காரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, பழைய எண்ணெய் சூடானதும் அப்பா அடியில் படுத்தார். முதலில் ஊற்றுகிற வாயின் திருகைக் கழற்றினார். அதைத் திறந்து வைத்துக்கொண்ட பிறகுதான் வடிகிற வாயைத் தொட வேண்டும். மேல்வாய் துருப்பிடித்துத் திறக்காமல் போனால், வடித்த வண்டியும் வெறும் வயிறுமாக நிற்க வேண்டியதுதான். பழைய எண்ணெய் சோயாக் கிச்சாப் மாதிரிக் கறுப்பாகச் சரசரவென்று கொட்டியது. புதுசு அப்படி இல்லை. மேலே புனல், நடுவே ரப்பர் குழாய், கீழே கியர் பெட்டி என்று எல்லாம் சரியாகத்தான் இருந்தது. எண்ணெய் மட்டும் இறங்க மாட்டேன் என்று அடம்பிடித்தது. நான் புனலைப் பிடித்தபடியே ஒரு தட்டு வாழைப்பழப் பலகாரத்தைத் தின்று முடித்தேன். அவிந்த முட்டை மாதிரி ஒரு வாடை வேறு. மூக்கைப் பொத்திக்கொண்டு வந்த அம்மாவிடம் அப்பா காருக்கு அடியிலிருந்தே தலையை நீட்டிச் சொன்னார்: “நம்ம மவதான் பாத்து எடுத்தா. அஞ்சாம் நம்பரு!” அம்மா என் தலையைத் தடவிவிட்டுப் போனார். நான் புனலை இன்னும் நேராகப் பிடித்தேன்.

திங்கட்கிழமை விடிகாலையில் அம்மா புதுச் சீருடை போட்டு, பொட்டு வைத்து, கார் கண்ணாடியில் ஒருமுறை முகம் பார்த்துக்கொண்டு கிளம்பினார். நாங்கள் வாசலில் நின்று கையாட்டினோம். முதல் கியர் விழுந்தது. இரண்டாவதுக்குத் தள்ளியபோது கார் ‘கர்ர்ர்’ என்று ஒரு குரல் கொடுத்தது பாருங்கள், கோழிகள் கூரைக்குப் பறந்தன. அம்மா மறுபடியும் தள்ளினார். மறுபடியும் கர்ர்ர். கடைசியில் முதல் கியரிலேயே, எஞ்சின் அலற, கார் லயத்தைத் தாண்டியது. தெருநாய் ஒன்று அவசரமே இல்லாமல் பக்கத்திலேயே நடந்து துணைக்குப் போனது.

தோட்டத்தில் விடியற்காலையில் ஆள் கூப்பிட்டு வேலை பிரிக்கிற இடத்துக்குப் பெரட்டுக்களம் என்று பெயர். மொத்தத் தோட்டமும் அங்கேதான் வரிசையில் நிற்கும். அம்மாவின் கார் அந்தக் களத்தைக் கடந்துதான் பெரிய சாலைக்குப் போக வேண்டும். அன்றைக்கு அது கடந்துபோக எடுத்த நேரத்தில், வேலை வாங்குகிற மண்டோர் நாற்பது பேரின் பெயரைக் கூப்பிட்டு முடித்துவிட்டாராம். “பொம்பள கைக்குக் கியர் ஏறாதுலா” என்று அவர் சொன்னதையும், எல்லாரும் சிரித்ததையும் பக்கத்து வீட்டு அத்தை மறக்காமல் எங்கள் வீட்டுக்கு வந்து ஒப்பித்தார். அம்மா வேலைக்குப் போய்ச் சேர்ந்தபோது பத்து நிமிடம் தாமதம். முதல் மாதத்தில் மூன்று நாள் தாமதமானால் வேலை கிடையாது என்று அங்கே சட்டம்.

செவ்வாய்க்கிழமை அரை மணி முன்னதாகவே கிளம்பினார். பெரிய சாலை ஏறுகிற மேட்டில் கியர் மாற்றும்போது கார் நின்றேவிட்டது. பின்னால் ஒரு செம்பனைப் பழ லோரி ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. இரண்டாவது தாமதம். புதன்கிழமை காரை விட்டுவிட்டு இருட்டிலேயே நடந்து போய், இரண்டு பஸ் மாறி, நேரத்துக்குப் போய்விட்டார். ஆனால் திரும்பி வந்தபோது காலில் கொப்புளம்.

குறை காரில் இருக்கலாம் என்று அம்மா ஒரு நிமிடம்கூட நினைக்கவில்லை. தன் கையில்தான் பலம் போதவில்லை என்று முடிவு கட்டிவிட்டார். அன்று மாலை தண்ணீர் நிரம்பிய வாளியை இடது கையால் இருபது முறை தூக்கி இறக்கினார். அரிசி டின்னுக்குள் சட்டுவத்தைக் குத்தி நிறுத்தி, ஸ்டூலில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று மாற்றிப் பழகினார். அரிசி டின்னில் இரண்டாவது கியர் வெண்ணெய் மாதிரி விழுந்தது. அதைப் பார்த்து நான் சிரித்தேன். அம்மாவும் சிரித்தார். சிரித்து முடித்ததும் அதே மூச்சில், “ஞாயித்துக்கிழம காடிய அக்கா வூட்டுலயே வுட்டுட்டு வந்துருவோம். நான் பழம் பொறுக்கவே போறேன்” என்றார். அப்பா காருக்கு அடியில் போய்ப் படுத்து, மூன்றாவது நாளாகக் கிளட்ச் கம்பியைத் திருகிக்கொண்டிருந்தார்.

எனக்கு எதையாவது வாசித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று ஒரு பழக்கம் உண்டு. அந்த வியாழக்கிழமை காலையில் பல் விளக்கும்போது குளியலறை மூலையில் கிடந்த காலிப் போத்தல் கண்ணில் பட்டது. தங்க நிறம். முன்பக்கம்தான் நான் கடையில் வாசித்தது. பின்பக்கத்தை அப்போதுதான் முதன்முதலாகத் திருப்பினேன். எறும்பு எழுத்தில் பத்து வரி இருந்தது. லோரி என்ற வார்த்தை இரண்டு இடத்தில் வந்தது. கடைசி வரியில் ‘இதற்குப் பயன்படுத்தாதீர்’ என்று போட்டு, பக்கத்தில் நான் கேள்வியேபடாத ஒரு நீளமான ஆங்கிலச் சொல். பல்துலக்கியை வாயில் வைத்தபடியே அந்தச் சொல்லை உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன்.

எங்கள் அறிவியல் வாத்தியார் சொந்தமாகக் கார் வைத்திருந்தவர். உள்ளங்கையைக் காட்டினேன். “இது எங்கேம்மா புடிச்ச?” என்று கேட்டுவிட்டு, கார் கியருக்குள்ளே பித்தளை வளையம் இருக்கிறது, வேறுவேறு வேகத்தில் சுற்றுகிற சக்கரங்களை அதுதான் சமாதானப்படுத்தி ஒன்றாகச் சேர்க்கிறது, அந்த வேலைக்குத்தான் அந்தப் பெயர் என்றார். ஐந்தாம் நம்பர் எண்ணெயில் கலந்திருக்கிற சரக்கு லோரியின் பின்பக்கப் பற்சக்கரத்துக்கு நல்லது, பித்தளைக்கு ஆகாது. நூற்று நாற்பது மதிப்பெண் இல்லை, கெட்டி. அவ்வளவு கெட்டியான எண்ணெய்க்குள் காலைக் குளிரில் வளையம் எப்படித் தன் வேலையைச் செய்யும்? நான் விடவில்லை. நாலைவிட ஐந்து பெரியதுதானே சார் என்றேன். வாத்தியார் என் வாய் ஓரத்தில் காய்ந்திருந்த பற்பசையைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “துணி தேய்க்கிற பிரஷ்ஷும்தான் பெருசு. அதுல பல்லு வெளக்குவியா?”

அந்த ஒரு கேள்வியில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அம்மாவின் கையில் குறையே இல்லை. குறை என் வாசிப்பில். இதைச் சொன்னால் எண்ணெயை மாற்றிவிடலாம், அம்மா வேலைக்குப் போய்விடலாம். ஆனால் லயத்துக்குத் தெரிந்துவிடும். சின்னக் கிராணி அன்றோடு செத்தாள். அடுத்து எனக்கு என்ன பெயர் வைப்பார்கள் என்று வழி நெடுக ஒத்திகை பார்த்தேன். ‘அஞ்சாம் நம்பர்’. ‘லோரி எண்ணெ’. ‘நூத்திநாப்பது’. கல்யாணப் பத்திரிகையில்கூட அடைப்புக்குறிக்குள் போட்டால்தான் ஊருக்கு என்னை அடையாளம் தெரியும். சொல்லாமல் இருந்தாலோ, ஞாயிற்றுக்கிழமை கார் போய்விடும். அம்மா மறுபடியும் குனிந்துகொண்டே நடப்பார்.

லயத்து முனையில் முனீஸ்வரர் இருந்தார். அவரிடம் நேரடியாகப் பேசினேன். ஒன்று, கியர் பெட்டிக்குள் இருக்கிற எண்ணெயை நீரே மாற்றிவிடும். அது உமக்குச் சரிப்படாதென்றால், கடையில் அதை எடுத்தது யார் என்பதை அப்பாவும் அம்மாவும் சுத்தமாக மறந்துவிட வேண்டும். வாசித்துச் சம்பாதித்த பிஸ்கட்டில் நாலை முன்பணமாக வைத்தேன். காரியம் முடிந்தால் மூன்று சுற்று வருவதாகவும் சொன்னேன். முனீஸ்வரர் மீசையை முறுக்கியபடி பிஸ்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை மாலை அம்மா இரண்டு பஸ் மாறி வந்து, வெந்நீர்ச் சட்டிக்குள் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காலின் அடிப்பாகம் முழுக்கச் சிவந்திருந்தது. அதைப் பார்த்ததும் பெயராவது ஒன்றாவது என்று தோன்றிவிட்டது. நேராகக் காருக்குப் போனேன். அடியில் அப்பாவின் கால் மட்டும் தெரிந்தது. அந்தக் காலிடம்தான் சொன்னேன். “அப்பா, வாத்தியாரு சொன்னாரு. காடிக்கு நாலாம் நம்பர்தான் போடணுமாம். அஞ்சு லோரிக்காம். அதனாலதான் கியர் ஏறலயாம்.” எடுத்தது யார் என்கிற பகுதியைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது.

அப்பா வெளியே வந்தார். முழங்கையில் எண்ணெய், மூக்கில் எண்ணெய். என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு நெற்றியில் பட்டென்று அடித்துக்கொண்டார். “அட, நாந்தான் தப்பா எடுத்துட்டேன்! டிராக்டர் ஓட்டி ஓட்டி எனக்குப் புத்தியே அப்படிப் போயிருச்சும்மா!”

எனக்கு அழுகை நின்றுவிட்டது. நான் இன்னும் முதல் சுற்றே வரவில்லை, முனீஸ்வரர் அதற்குள் வேலையை முடித்துவிட்டாரே!

ஆனால் அம்மா இருந்தாரே. அன்றைக்குத் தலையைத் தடவியவர் அவர்தானே. அப்பா உள்ளே போய், தன் மேல்தான் தப்பு என்று கையைக் கட்டிக்கொண்டு சொன்னபோது நான் கதவோரம் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா அப்பாவைப் பார்த்தார். திரும்பி என்னைப் பார்த்தார். மறுபடியும் அப்பாவைப் பார்த்தார். அப்புறம் அரிசி டின்னிலிருந்து சட்டுவத்தை உருவிக்கொண்டு எழுந்து நின்றார். “ஏங்க, உங்களுக்கு அறிவிருக்கா? கடைக்குப் போனா கண்ணத் தொறந்து பாத்து வாங்க மாட்டீங்களா? எங்கையில பலமில்லன்னு வாளி தூக்கித் தூக்கி எனக்குத் தோளே கழண்டு போச்சு!” அம்மா அவ்வளவு சத்தமாகத் திட்டி நான் கேட்டதேயில்லை. நாலு வீட்டுக்குக் கேட்டது. திட்டும்போது அவர் உதடு துடித்துக்கொண்டே இருந்தது. கோபத்தில்தான் துடிக்கிறது என்று நினைத்தேன். ஆக, அம்மாவுக்கும் மறந்துவிட்டது. சாமி என்றால் இவர்தான் சாமி.

அன்றே கடை அடைப்பதற்குள் ராசாவுக்குப் போனோம். இந்த முறை தவுக்கே டெலிபோனில் இல்லை. கதையைக் கேட்டதும் கல்லாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “யாரு எடுத்தா? காடியா, கப்பலா?” என்றார். அப்பா நெஞ்சில் தட்டி, “நாந்தான் தவுக்கே” என்றார். சாம்பல் நிறப் போத்தல்களைத் தேவைக்கு மேலேயே எடுத்துக்கொண்டோம். கெட்டி எண்ணெயை வடித்து, புதியதை ஊற்றி, அம்மாவை விட்டு ஆளில்லாத களம்வரை காரை ஓட்டிக் கொண்டுவரச் செய்து, ஒட்டியிருந்த மிச்சமும் போகட்டும் என்று அதையும் வடித்து, மறுபடியும் ஊற்றினோம். அம்மா பால் கலக்காமல் போட்ட தே ஓ ஆறுவதற்குள் முழுப் போத்தலும் குழாயில் இறங்கிவிட்டது.

இவ்வளவோடு அப்பா நிறுத்தியிருக்கலாம். கையைக் கழுவிக்கொண்டு பொதுக்குழாயடிக்குப் போனார், அங்கே தண்ணீர் பிடிக்க நின்றவர்களிடம் தானே கதையை ஆரம்பித்தார். லோரிக்குப் போடுகிறதைக் காருக்கு ஊற்றிவிட்டு, ஐந்து நாளாகக் கிளட்ச்சைப் போட்டுத் திருகிக்கொண்டிருந்த முட்டாளைப் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டு, தானே கையைத் தூக்கிக் காட்டினார். எண்ணெய் இறங்காமல் புனலில் தூங்கியதை நடித்துக் காட்டினார். நூற்று நாற்பது என்று போத்தலில் போட்டிருந்ததை மூன்று முறை சொன்னார். சாம்பார் சிரித்துச் சிரித்து வாளியைக் கவிழ்த்துவிட்டார். மறுநாள் காலையில் அப்பாவுக்கு ‘நூத்திநாப்பது’ என்று பெயர் உறுதியாகியிருந்தது.

அந்தச் சனிக்கிழமை அம்மாவுக்கு அரைநாள் வேலை. இன்னொரு தாமதம் என்றால் அதோடு சரி. ஆகவே நானும் அப்பாவும் முன்னாலேயே போய்ப் பெரட்டுக்களத்து ஓரத்தில் நின்றோம். லயத்துப் பக்கமிருந்து கார் வரும் சத்தம் கேட்டதும் மண்டோர் பெயர் கூப்பிடுவதை நிறுத்தினார். எல்லாத் தலையும் திரும்பியது. முதல் கியரில் வந்த கார் களத்துக்கு நேரே வந்ததும் ஒரு சின்ன மூச்சு விட்டது, அவ்வளவுதான், இரண்டாவது விழுந்துவிட்டது. யாருக்கும் நம்பிக்கை வருவதற்குள் மூன்றாவதும் விழுந்தது. அம்மா எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை, சாலையைத்தான் பார்த்தார். ஆனால் மண்டோரைக் கடக்கும்போது மட்டும் ஹாரனை ஒரு அழுத்து அழுத்தினார். மண்டோர் கையிலிருந்த பெயர்ப் புத்தகம் கீழே விழுந்தது. பெண்கள் வரிசை முழுக்கக் கத்தியது. நான் குதித்த குதியில் செருப்பு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.

புழுதி அடங்கியதும் யாரோ கூவினார்கள்: “ஓய் நூத்திநாப்பது! தப்பிச்சீங்கலா!” களம் முழுக்கச் சிரித்தது. அப்பா, பிறந்ததிலிருந்தே அதுதான் தன் பெயர் என்பதுபோல் தொப்பியைத் தூக்கி ஆட்டினார். நானும் சிரித்தேன். எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தவள் நான்தான்.

அன்று மாலை முனீஸ்வரருக்கு மூன்று சுற்று முடித்துத் திரும்பும்போதுதான் எனக்குக் கவலை பிடித்தது. ஒரு வாரத்துக்குள் இரண்டு பேரும் இப்படி மறந்துபோகிறார்களே. இன்றைக்கு எண்ணெய், நாளைக்கு அடுப்பை அணைக்க மறந்தால்? நான் கேட்ட மறதி அளவுக்கு மீறி வந்துவிட்டதோ என்று பயந்துபோனேன். இனிமேல் இந்த வீட்டின் ஞாபகம் என் பொறுப்பு என்று எடுத்துக்கொண்டேன். திங்கட்கிழமையிலிருந்து விடிகாலையில் எழுந்து வாசற்படியில் நின்று, தொப்பி எடுத்தீர்களா, தண்ணீர்ப் போத்தல் எடுத்தீர்களா, கார் சாவி எங்கே என்று இருவரையும் விசாரித்துத்தான் அனுப்பினேன்.

நல்லவேளை, நான் இருந்தேன். ஏனென்றால் அன்றிலிருந்து அப்பா ஒரு நாள் தவறாமல் ஏதாவது ஒன்றை மறந்தார். தொப்பியை மேசைமேல் கண்ணுக்கு நேராக வைத்துவிட்டுப் படியிறங்குவார். அம்மா சாவியைத் தேடு தேடென்று தேடுவார், அது அவர் கைப்பைக்கு மேலேயே கிடக்கும். நான் ஓடிப்போய் எடுத்துக் கொடுத்து, “இதக்கூட மறந்துட்டீங்களே!” என்று அதட்டுவேன். இரண்டு பேரும் குற்றவாளிகள்போல் தலையைக் குனிந்துகொண்டு வாங்கிக்கொள்வார்கள்.